ஸ்டீபன் சொல்லச் சொன்னது

தாம்பரத்தில் மீட்டர் கேஜ் ரயில்கள் நின்றுபோன சமயம். ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது ஸ்டீபனின் இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழுந்தது. வார் தளர்ந்திருக்கும் என்று புது ஜோடி வாங்கினோம். அதுவும் கழன்றது. பின்னால் வந்தவர்களிடம் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டான்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் நண்பன். ராஜகீழ்ப்பாக்கத்தில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தோம். அவன் கணக்கு வாத்தியார். குரலை உயர்த்தத் தெரியாதவன். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்றால் அங்கேயே போய் நின்று பாடம் நடத்துவான்.

எட்டு மாத அலைச்சலுக்குப் பிறகு நோயின் பெயர் தெரிந்தது: மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே போவது, அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்). குணப்படுத்த மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஸ்டீபன் அவருக்கு நன்றி சொன்னான்.

கால் போனது. பிறகு கைகள். ஊட்டிவிட்டால் புரையேறியது. இரண்டாம் வருடம் பேச்சும் குழறத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவி கிரேஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"மூச்சு நின்னா மெஷின் வேணாம்டா. கிரேஸ்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. நீ சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. கிரேஸ் அந்த வாரம் ஒரு புது பிசியோதெரபிஸ்டைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அதற்கடுத்த வாரமும் விட்டேன்.

ஒரு காலையில் அவனுக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தது. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார்: வென்டிலேட்டர் (குழாய் வழியே நுரையீரலுக்குக் காற்று செலுத்தும் இயந்திரம்) வைக்கலாமா, வைத்தால் பிறகு எடுப்பது கஷ்டம், உடனே சொல்லுங்கள்.

கிரேஸ் என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கண்ணா."

"வைங்க டாக்டர்" என்றேன். அவன் சாவதை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஏழு வாரம் அப்படிக் கிடந்தான். கண்கள் மட்டும் அசைந்தன. கடைசி வாரம் ஒருநாள் எழுத்துகள் ஒட்டிய அட்டையை நர்ஸ் கொடுத்தார். ஒவ்வொன்றாக நான் தொட வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவன் கண்ணை மூடித் திறப்பான். 'ஏன்' என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சேர்த்த சொல், 'சாப்டியா'.

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நேரம் முடிந்தது என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் நிமோனியா (நுரையீரலில் கிருமித்தொற்று) வந்தது. அதன்பின் அவன் கண் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா அவரை வீட்லயே வெச்சிருந்திருப்பேண்ணா. கடைசியா என் கையைப் பிடிச்சிக்கினு போயிருப்பாரு."

அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. மகள் வீட்டுக்கு, கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டாள்.

இதே நோய் உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் வேண்டாம் என்று எதையாவது சொல்லியிருந்தால், அதை இன்றே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு உங்களுக்குத் துணிச்சல் கூடிவிடாது. எனக்குக் கூடவில்லை.

எனக்கு ஒரு நோயும் இல்லை என்கிறார்கள். ஆனால் மூச்சு தானாக வரும் என்ற நம்பிக்கை என் உடம்புக்குப் போய்விட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்து நானே விடுகிறேன். டாக்டர் என் பதிலுக்காக நின்றது ஐந்து விநாடி இருக்கலாம். இத்தனை வருடமாக அந்த ஐந்து விநாடிக்குள்ளேயேதான் இருக்கிறேன்.