மோர்டன் வீட்டில் அமெரிக்கத் தேர்தல்

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு அண்ணனும் தம்பியும் அமெரிக்காவிலிருந்து வருவதாகச் சொன்னபோது, இருவரையும் லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டிலேயே தங்கவைப்பதென்று நான் முடிவுசெய்தேன். என் கணவர் வேண்டாம் என்றார்.

"ஒராள் இஞ்ச நிக்கட்டும், மற்றாள் ஹோட்டலில நிக்கட்டும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

அம்மா கண்மூடிய வீட்டில் அவருடைய பிள்ளைகளுக்கு இடமில்லையா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

அவர்கள் பேச்சை நிறுத்தி நாலைந்து வருடம் இருக்கும். காணி, சீதனம் என்று எங்கள் ஆட்களுக்குள் பேச்சு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குள் நின்றது அமெரிக்க அரசியலால். அண்ணன் வடக்கே குளிர் கூடிய ஒரு மாநிலத்தில் கடை வைத்திருந்தார். பொலிஸ் ஒரு கறுப்பினத்தவரைக் கொன்றதை எதிர்த்து ஊரெங்கும் ஆர்ப்பாட்டம் நடந்த அந்தக் கோடையில் அவர் கடையை உடைத்து, உள்ளதை அள்ளிக்கொண்டு, மிச்சத்துக்கு நெருப்பு வைத்தார்கள். தம்பி இருப்பது தெற்கே. கணினி வேலை. தேர்தல் வந்தால் லீவு போட்டுவிட்டு வாக்கு எண்ணப் போவான். அதே வருடக் கடைசியில் ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்தபோது, வாக்குகளைக் களவாடிவிட்டார்கள் என்று அண்ணன் நம்பினார். எண்ணியவர்களில் தன் தம்பியும் ஒருவன் என்பதை அவர் யோசித்தாரோ தெரியாது.

புது வருடம் பிறந்த கையோடு வாஷிங்டனில் ஒரு கூட்டம் யன்னல்களை உடைத்துக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. "இவங்களுக்கும் பயங்கரவாதிகளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று தம்பி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். "என்ர கடை எரியேக்க நீ எங்க இருந்தனீ? நீங்கள் எண்ணின லட்சணத்துக்குத்தான் சனம் கொதிச்சது" என்று அண்ணன் பதில் போட்டார். இருவரும் குழுவைவிட்டுப் போனார்கள். பிறகு அம்மாவின் சவப்பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்களே தவிர, ஒரு சொல் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள். முன் அறை அண்ணனுக்கு, சின்ன அறை தம்பிக்கு. எல்லாம் என் ஊடாகத்தான் நடந்தது. "தங்கச்சி, குளிக்கிறவர் முடிச்சிட்டாரோ?" என்று அண்ணன் கீழே வந்து கேட்பார். "அக்கா, தேத்தண்ணி குடிக்கிறவைக்குத் தண்ணி கொதிச்சிட்டுது" என்று தம்பி சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான். ஒருவர் படியில் இறங்கினால் மற்றவர் மேலே காத்து நிற்பார்.

சனிக்கிழமை மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் வைத்து நாலு பேரும் மேசையில் இருந்தோம். சாப்பாட்டுக்கிடையில் என் கணவர் ஒரு கதை சொன்னார். போன தேர்தலுக்கு லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போய், வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்ப, மழையில் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போன கதை. சிரிக்கவைக்கத்தான் சொன்னார்.

அண்ணன் நிமிர்ந்தார். "இஞ்சயும் ஐடி கேக்கிறாங்களோ?"

"ஓம், இப்ப கொஞ்சக் காலமாக் கேக்கினம்."

"பாத்தியே தங்கச்சி. இஞ்ச கேட்டா அது சட்டம். அங்க கேட்டா மட்டும் கறுப்பரை வாக்குப் போட விடேல்லை எண்டு கத்துவினம்."

தம்பி கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா, கேக்கிறது பிழையில்லை. ஐடி எடுக்கிற கந்தோரை அவையின்ர பக்கத்தில மூடிப்போட்டுக் கேக்கிறதுதான் பிழை. எங்கட பக்கத்தில சனம் அரைநாள் வரிசையில நிக்குது. வசதியான ஆக்கள் இருக்கிற பக்கம் போன உடன போட்டிட்டு வரலாம்."

"எனக்குச் சொல்லுறதெண்டா என்ர முகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லு."

"சரி, பாத்தே சொல்லுறன்." தம்பி நிமிர்ந்தான். "உங்கட ஆக்களுக்கு அந்தச் சனம் வாக்குப் போடுறது விருப்பமில்லை. அவ்வளவுதான்."

"அந்தச் சனம் என்ர கடைக்கு என்ன செய்தது எண்டு உனக்குத் தெரியும்."

"செய்தது காவாலியள் அண்ணை. ஊர்வலம் போன சனம் அமைதியாத்தான் நடந்து போனது."

"அப்ப வாஷிங்டனுக்குப் போனதிலயும் முக்கால்வாசிப் பேர் வெளியில கொடியோட நிண்டிட்டுத்தான் வந்தவை. அவை மட்டும் எல்லாரும் பயங்கரவாதியோ?"

"உள்ளுக்குப் போனவங்கள் பொலிசுக்கு அடிச்சவங்கள். இப்ப ஜனாதிபதி அவங்களுக்கு மன்னிப்பும் குடுத்திட்டார்."

"என்ர கடையை எரிச்சவன் ஒருத்தனைத் தன்னும் பிடிக்கேல்லை. அவனுக்கு ஆர் மன்னிப்புக் குடுத்தது?"

"இன்னொரு துண்டு மீன் போடட்டோ?" என்றார் என் கணவர். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் கையை ஓங்கி மேசையில் அடித்தார். தண்ணீர்க் குவளை சரிந்து தம்பியின் மடியில் கொட்டியது. அவன் துடைக்கக்கூட இல்லை. அடுத்த கணம் இருவரும் எழுந்து ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள் என்றே நினைத்தேன். அப்போதுதான் அண்ணன் கேட்டார்.

"நீ எண்ணினதெல்லாம் சரி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

தம்பி கைபேசியை எடுத்து, எதையோ தேடி, மேசை நடுவில் வைத்தான். யாரோ எடுத்துப் பதிந்துவிட்ட ஓர் ஆணின் குரல். கத்தவில்லை, வானிலை சொல்வதைப்போல் ஆறுதலாகப் பேசியது. தம்பியின் பெயரோடு வரும் எங்கள் அப்பாவின் பெயரைப் பிழையாக உச்சரித்தது. தம்பியின் தெருவைச் சொன்னது. களவெடுத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று சொன்னது. பிறகு அவன் மகள் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும் மூலையைச் சொல்லி, அங்கே நடக்கப்போவதையும் சொன்னது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணன் கைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "இது எப்ப வந்தது?"

"நீங்கள் குழுவில எனக்குப் பதில் போட்ட கிழமை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? அவன் சொன்ன களவைத்தானே நீங்களும் சொன்னனீங்கள். அவன் இங்கிலீசில சொன்னவன், நீங்கள் தமிழில சொன்னனீங்கள்."

அண்ணன் கை கழுவாமல் எழுந்து பின்பக்கத் தோட்டத்துக்குப் போனார். தூறிக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். குடையோடு போனேன்.

"அது ஒரு விசரன்" என்றார். "நாங்கள் அப்பிடியான ஆக்கள் இல்லை."

"தம்பியும் தன்ர பக்கத்தைப் பற்றி அதைத்தானே சொல்லுறான்?"

"அப்ப நீயும் அவன்ர பக்கம்."

"நான் ஒருத்தற்ர பக்கமும் இல்லை. நனையிறியள், உள்ள வாங்கோ" என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. அம்மாவின் படத்துக்கு மாலைகூட இன்னும் வாங்கவில்லை. இந்த இரண்டு மனிதர்களும் ஒரு முழு நாட்டை என் சமையலறைக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று ஃபாதர் சொன்னதும் நான் ஓரடி பின்னால் தள்ளி நின்றேன். அண்ணன் முதலில் பின்வரிசைக்காரர்களை வணங்கினார். பிறகு மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்துக் கைகூப்பினார். தம்பியும் கூப்பினான். கைகுலுக்கத் தேவையில்லாத எங்கள் வழக்கம் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. கண்கள் சந்திக்கவில்லை.

பின்னேரம் வீட்டில் அண்ணன் தானாகவே தம்பியிடம் போய்க் கேட்டார். "வீட்டில கமரா இருக்கோ?"

"முன்வாசலில ஒண்டு."

"பின்பக்கம் வேணும். அவங்கள் முன்னால வரமாட்டாங்கள். கடைக்கும் பின்னாலதான் வந்தவங்கள். நான் வாங்கி அனுப்புறன்."

"எனக்குக் கமரா வேண்டாம் அண்ணை. நான் களவெடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அது காணும்."

"நீ களவெடுக்கேல்லை."

"ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

அண்ணன் தலையை ஆட்டினார். "அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல ஏலாது."

தம்பி மேலே போய்ப் பெட்டி அடுக்கினான். மறுநாள் இருவரையும் ஹீத்ரோவில் வேறு வேறு டெர்மினலில் இறக்கிவிட்டு வந்தோம். திரும்பும்போது காரில் என் கணவர் ரேடியோவைப் போட்டார். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

கமரா போய்ச் சேர்ந்தது. தம்பி அதைப் பிரிக்கவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு அவன் மனைவி ஓர் ஆளைக் கூப்பிட்டு அதைப் பொருத்துவித்தாள். அவன் அதைக் கழற்றவில்லையாம்.

போன நவம்பரில் அவனுடைய மாநிலத்தில் ஏதோ சின்னத் தேர்தல். காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அண்ணன் கூப்பிட்டார். அங்கே நடுச்சாமமாக இருக்க வேண்டும்.

"அவன் எண்ணப் போனவனோ?"

"ஓம், போனவன். நீங்களே எடுத்துக் கேளுங்கோவன்."

"எடுத்தனான். அவன் எடுக்கேல்லை."

தம்பியின் மனைவிக்கு எடுத்தேன். எண்ணுகிற இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், இன்னும் வீடு திரும்பவில்லை என்றாள். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"வந்த உடன எனக்குச் சொல்லு, நான் முழிச்சுத்தான் இருப்பன்" என்றார். பிறகு, "ஆர் வெல்லுறது எண்டும் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.