இன்குபேட்டரில் வைத்த இட்லி மாவு

இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவுக்குப் பொங்கத் தெரியாது. மாலையில் கரைத்து வைத்தால் மறுநாள் காலையிலும் வைத்தது வைத்தபடி இருக்கும். டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நொதித்தலை ஆராய்கிறேன். எஃகுத் தொட்டிகளில் ஈஸ்ட் வளர்ப்பதுதான் பிழைப்பு. என் வீட்டில் ஒரு சட்டி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது. இந்தக் கேவலத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆவுடையார்கோவிலில், சித்திரை மாதம், அம்மா மாவுச் சட்டிக்கு அடியில் ஒரு தாம்பாளம் வைப்பாள். விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். போன ஜனவரியில் போனில் கேட்டாள்.

"அங்கிட்டு மாவு பொங்குதாப்பா? நான் குடுத்துவிட்ட உளுந்துதானே போட்ட?"

பிறகு, எப்போதும்போல, "வேலைய நெரந்தரமாக்கிட்டாங்களா?"

ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில்தான் இருக்கிறேன். அந்த மாதம் முடிவு சொல்வதாக இருந்தார்கள். "ஆக்கிருவாங்கம்மா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை சட்டியைத் துண்டில் சுற்றி ஆய்வகத்துக்கே கொண்டுபோய்விட்டேன். அங்கே நுண்ணுயிர் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டர் எப்போதும் முப்பது டிகிரிச் சூட்டில் இருக்கும். மேல்தட்டில் தொட்டிக்கு ஊற்ற வேண்டிய ஈஸ்ட் குடுவைகள், கீழ்த்தட்டு காலி. என் மாணவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் அன்றே விரட்டியிருப்பேன். ஞாயிறு காலை திறந்தால், மாவு பொங்கித் தட்டெல்லாம் வழிந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. துடைத்தேன். அதே கையோடு மேலே இருந்த குடுவைகளையும் நகர்த்தி வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு இட்லி தின்றேன்.

புதன்கிழமை, அந்தக் குடுவைகளை ஊற்றிய தொட்டி முழுக்கப் புளித்துக் கிடந்தது. ஈஸ்டை அமுக்கிவிட்டு வேறு பாக்டீரியா வளர்ந்திருந்தது. மூன்று வார வேலை சாக்கடைக்குப் போனது. குடுவைகளைத் தயாரித்தவள் எங்கள் டெக்னீஷியன் மார்த்தா. பழி அவள் தலையில் விழுந்தது. "இத்தனை வருஷத்தில் என் கையால் ஒன்றுகூடக் கெட்டதில்லை" என்று என்னிடமே வந்து சொன்னாள். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் எங்கள் பேராசிரியர் ஹென்ரிக்கிடம் போய்ச் சொன்னேன்.

"அனுமதியில்லாமல் சொந்தமாக ஏதோ ஆய்வு நடத்தினீர்களா?"

"இல்லை. காலைச் சாப்பாடு."

நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். விளக்க விளக்க முகம் இறுகிப்போனது. நிரந்தர வேலைப் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. மார்த்தா மட்டும் என் மேசையில் ஒரு காபி வைத்துவிட்டுப் போனாள்.

தொட்டியைக் கெடுத்த கிருமியை இங்கே தூக்கி எறிவதில்லை. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சின்னக் குப்பியில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைப்பார்கள். அதற்கான தாளை மார்த்தா நீட்டினாள். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் 'ஆவுடையார்கோவில்' என்று எழுதினேன்.

"இது எங்கே?"

"என் ஊர்."

"ஆனால் நம் இன்குபேட்டரில்தானே வளர்ந்தது?"

அவள் கேட்டதும் நியாயம்தான். என் எழுத்தை அடிக்காமல், அதற்குக் கீழே 'மூன்றாம் எண் இன்குபேட்டர்' என்று எழுதிக் குப்பியை உறைபெட்டிக்குள் வைத்தாள்.

அப்போது போன் அடித்தது.

"மாவு பொங்குச்சாப்பா?"

"பொங்கிருச்சும்மா."

"வேலை?"

"அது இன்னும் பொங்கலைம்மா" என்று சொல்லி உறைபெட்டியின் கதவை மூடினேன்.