கரும்பலகையில் தப்பு எழுதக் கூடாது

செம்மலை வாத்தியாருக்கு அழகுசுந்தரத்தைக் கண்டாலே ஆகாது. அந்த இளவட்ட வாத்தியார் இவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எதிரே பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிடுவான். அதுதான் இவருக்கு இன்னும் எரிந்தது.

திருக்கோஷ்டியூர்ப் பக்கத்தில் ஏர் பிடித்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே முதல் ஆளாகப் படித்து வாத்தியார் ஆனவர் செம்மலை. காரைக்குடியை ஒட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்குக் கணக்குப் பாடம். சரஸ்வதி பூஜைக்கு எல்லோரும் புத்தகத்துக்குப் பொட்டு வைப்பார்கள். இவர் கரும்பலகைக்கும் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைப்பார். வித்தை குடியிருக்கிற இடமாம். அங்கே தப்பை எழுதக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தாளில் கணக்கைப் போட்டுக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் ஒரு பிள்ளை சாக்பீஸைத் தொடலாம். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அதை மரியாதை என்று நினைத்து உச்சி குளிர்ந்து கிடந்தார் மனுஷர்.

அறுபத்தெட்டில் சிங்கம்புணரியிலிருந்து 'பி' பிரிவுக்குக் கணக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தான் அழகுசுந்தரம். தினமும் ஒரு பிள்ளை போட்ட தப்புக் கணக்கைப் பலகை நிறைய எழுதச் சொல்வான்.

"நல்லாத்தானே வந்துச்சு? எந்த இடத்துல கோட்டை விட்டோம், பாப்போம்" என்பான்.

வகுப்பே எழுந்து நின்று தேடும். "இன்னைக்கு என் தப்பு சார், என் தப்பு!" என்று அடித்துக்கொள்ளும். மணி அடித்த பிறகும் அவனை விடாது. செம்மலை வருவதைப் பார்த்தால் அதே பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கிக் கையைக் கட்டிக்கொள்ளும்.

"தப்பைப் போய்க் கொண்டாடுறான், மலையம்மா. வெளங்குமா இது?" என்று சாப்பாட்டின் முன்னால் பொருமினார்.

"பிள்ளைக அவருகிட்டச் சிரிச்சுப் பேசுதுக. அது உங்களுக்குப் பொறுக்கல. அதைச் சொல்லுங்க" என்றாள் மனைவி மலையம்மாள்.

மோர் வேண்டாம் என்று பாதியில் கை கழுவிவிட்டார். உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?

அவருடைய நம்பிக்கையெல்லாம் மகள் பொன்னழகு. அவர் வகுப்பிலேயே படித்தாள், முதல் மாணவி. ஆண்டு விழாவில் கணக்குப் போட்டிக்குக் குமரப்பச் செட்டியார் வீட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுப்பது வழக்கம். அது எப்போதும் 'ஏ' பிரிவுக்குத்தான். இந்த வருஷம் மகள் மேடையேறி வாங்குவாள், சிங்கம்புணரியான் முகத்தில் ஈயாடாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

தலைமையாசிரியர் அந்தத் தடவை கேள்வியை வெளியூரிலிருந்து வாங்கியிருந்தார். யாரும் பார்த்திராத கணக்கு. 'பி' பிரிவுப் பிள்ளைகள் எழுதின, அடித்தன, திரும்ப எழுதின. ஏகப்பட்ட அடித்தலுக்குப் பிறகு சிட்டாள் என்ற பெண்ணுக்கு விடை வந்துவிட்டது. 'ஏ' பிரிவு பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. பொன்னழகின் தாளில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"ஒரு வரிகூடவா தெரியல?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"பாதி தெரிஞ்சுச்சுப்பா. மீதி சரியா வருமான்னு தெரியல. தப்பா எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீக." கால்விரலைப் பார்த்தபடியே, "என்னைய 'பி'க்கு மாத்தி விடுறீகளா?" என்றாள்.

அவள் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. சில நாள் மகளோடு பேசவே இல்லை. பிறகு அவரே தலைமையாசிரியரிடம் போய் மாற்றிவிட்டார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை; மறுத்தால் பொறாமை என்று பள்ளிக்கூடமே பேசும் என்ற பயம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பொன்னழகு தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் பாவாடையை இழுத்துக் கணக்கை மூடினாள்.

"என்னத்தா மறைக்கிற?"

"ஒண்ணுமில்லப்பா. தப்பா வந்துருச்சு."

"அப்ப அழிச்சிரு."

"ஐயோ, வேணாம்! தாள்ல எழுதி நாளைக்கு சார்கிட்டக் காட்டணும். ரொம்ப நல்ல தப்புப்பா."

நல்ல தப்பாம்! இத்தனை வருஷம் பெற்ற அப்பனிடம் சரியான விடையை மட்டுமே கொண்டுவந்து நீட்டியவள். தெரியாததை, தடுமாறியதை எல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ? இப்போது அதையெல்லாம் யாரோ ஒருவனுக்கு ஆசை ஆசையாகக் கொண்டுபோகிறாள். அவன் மேல் எத்தனையோ நாள் பொறாமைப்பட்டிருக்கிறார். இந்த மாதிரி எரிந்ததில்லை.

துண்டை உதறிப் போட்டுவிட்டு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அவனுக்கு முந்தி எனக்குக் காட்டேன், ஆத்தா."

பொன்னழகு அவர் முகத்தையே பார்த்தாள்.

"வைய மாட்டீகள்ல?" என்றாள். பாவாடையை இன்னும் எடுக்கவில்லை.