ஆபீசரைத் தள்ளிவைத்த குப்பம்

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு குப்பம். பேர் வேண்டாம். சொன்னால் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் இந்தப் பெருமை தங்களுக்கு வராமல் போயிற்றே என்று பொருமுவார்கள். ஒரு பேசும் பொம்மையை ஊர்க்கூட்டத்தில் முறைப்படி விசாரித்து, சாட்சி கேட்டு, ஊரைவிட்டுத் தள்ளிவைத்த பெருமை அது.

பொம்மையின் பேர் ஆபீசர். அதை மடியில் உட்காரவைத்துப் பேசவைப்பவன் செல்வம். நாற்பத்திரண்டு வயது, ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். அவனுக்குப் பிறவியிலேயே திக்குவாய். நிலத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம், கடலில் அது சின்ன விஷயமல்ல. பின்னால் கப்பல் வருகிறது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கப்பலே வந்து ஹார்ன் அடித்துவிடும். ஆகவே படகில் அவனுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை ஊதினால் வலையை இழு, இரண்டு தடவை ஊதினால் விடு, மூன்று தடவை ஊதினால் டீ.

எட்டு வருடத்துக்கு முன்னால் குப்பத்தில் ஒரு பாதுகாப்பு முகாம் நடந்தது. லைஃப் ஜாக்கெட் போடுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் பேசும் பொம்மையோடு வந்தார். ஊரே பொம்மையைப் பார்த்தது. செல்வம் மட்டும் அந்த ஆளின் உதட்டைப் பார்த்தான். உதடு மூடியே இருக்கிறது, பேச்சோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுகிறது! அன்றிலிருந்து இரண்டு வருடம், படகில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காதபடி வாயை மூடிக்கொண்டே பேசிப் பழகினான். பையன் ஜெபம் பண்ணுகிறான், மதம் மாறிவிட்டான் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பிற்று. அவனோ அதிசயம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். உதட்டைத் திறந்தால் தடுக்கி விழுகிற வார்த்தை, மூடிக்கொண்டு வேறு குரலில் பேசினால் ஓட்டமாக ஓடியது.

படகு பூசிய ஃபைபர் மிச்சத்தில் முகம் வார்த்தான். நைலான் வலை நூலில் முடி வைத்தான். சஃபாரி சட்டையும் மூக்குக் கண்ணாடியும் மாட்டினான். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கிற கெங்கம்மா பார்த்தாள். "ஐய, என் பென்சன் பாரத்த மூணு வாட்டி திருப்பி அனுச்சான் பாரு, அந்த ஆபீசரு மூஞ்சி அப்படியே கீது!" என்றாள். பேர் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் செல்வத்துக்கு வாழ்க்கையே மாறிப்போயிற்று. பள்ளிக்கூட ஆண்டு விழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு எல்லாவற்றுக்கும் ஆபீசர்தான். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தட்டிக் கேட்பதும் ஆபீசர்தான். வீட்டில் மனைவி மங்கை சண்டை போடுவதானாலும் அதனிடம்தான். "உன்கிட்ட கேட்டா பதிலு வர்றதுக்குள்ள எனுக்கு கோவம் ஆறிப்பூடுது. அத்த எடுய்யா," என்பாள். அவன் போய் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொள்வான். மூவருமாகச் சண்டை போடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் பேர் ஜோபின். பொம்மையைப் பேசவைக்கிற ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பொம்மைக்கே அடிமையாகிப் பைத்தியமாகிறான் என்று கதை. ஆபீசரையும், ஆபீசருக்குள் போகிற கையையும், வருகிற குரலையும் கூலி பேசி எடுத்துக்கொண்டார். ஷூட்டிங்குக்கு இடம் வேண்டுமே! குப்பத்துத் தலைவர் ரகுபதி வலைக்கூடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஊரில் நிழல் என்று இருந்தது அந்தக் கூரை ஒன்றுதான். ஆண்கள் வெயிலில் உட்கார்ந்து வலை பின்னினார்கள், பெண்கள் வெயிலில் உட்கார்ந்து இறால் உரித்தார்கள். தலைவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நாள் காட்சி இதுதான்: பொம்மை தலையைத் திருப்பிப் பார்க்கும், ஊர் சனம் நடுங்க வேண்டும். ஆபீசர் திரும்பியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இது சைக்கலாஜிக்கல் ஹாரர்ங்க! சிரிக்கக் கூடாது!" என்று ஜோபின் கத்தினார்.

"அது எங்க வூட்டுப் புள்ள மாதிரி நைனா," என்றாள் கெங்கம்மா. "அத்தப் பாத்து எப்புடி பயப்புடுறது? கரண்டு பில்லக் காட்டு, நடுங்கறேன்."

நான்கு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். ரகுபதி எழுந்து பேசினார். "டைரக்டர் சொல்றாரு, கூடம் இன்னும் பத்து நாளைக்கு வேணுமாம். டைரக்டர் சொல்றாரு, பின்பக்கம்கூட யாரும் நடக்கக் கூடாதாம். டைரக்டர் சொல்றாரு..."

சனம் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. செல்வத்தின் மடியில் இருந்த ஆபீசரின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"தலைவரே, ஒன் சட்டைக்குள்ள யாரு கையி கீது?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோயில் புறா எல்லாம் பறந்துபோயின. ரகுபதிக்கு முகம் கருத்துவிட்டது. ஊர்க்கட்டுப்பாடு அவருக்கு மனப்பாடம். கூட்டத்தில் தலைவரை அவமதித்தால் தள்ளிவைப்பு. தள்ளிவைக்கப்பட்டவரோடு பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது, முகம் பார்க்கக் கூடாது. பார்த்தவர் வீட்டுக்கு ஆடித் திருவிழாவில் இடம் இல்லை. தப்புப் பண்ணினவர் அடுத்த கூட்டத்தில் வந்து, தன் வாயாலேயே, 'மன்னிப்பு' என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்டால்தான் தீரும்.

சொன்னது யார்? இங்கேதான் ஊர் வசமாக மாட்டிக்கொண்டது. முப்பது பேர் சாட்சி சொன்னார்கள், செல்வத்தின் வாய் அசையவில்லை என்று. ரகுபதியே பார்த்திருந்தார். கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான், யார் வாய் அசைந்ததோ அவருக்குத் தண்டனை. செல்வம் பாவம், வாயில்லாப் பூச்சி. ஆபீசரைத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் காலை செல்வம் பொம்மையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷூட்டிங்குக்கு நடந்தான். எதிரே வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். வாசலில் நின்ற பெண்கள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார்கள். கெங்கம்மா மீன் கூடையால் முகத்தை மூடிக்கொண்டு, கால் பின்ன, வந்த வழியே திரும்பினாள். ஆபீசர் தலையைத் திருப்பியது. ஒருத்தர் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆடித் திருவிழா போயிற்றே!

"இதான்! இதான்!" என்று ஜோபின் மணலில் குதித்தார். "ரியல் ஃபியர்! ஒருத்தர் கண்ணுலயும் நடிப்பே இல்ல!"

மூன்றே நாளில் முக்கால்வாசிப் படம் எடுத்துவிட்டார்.

செல்வம்தான் செத்துப்போனான். நாக்கை அறுத்து உப்பில் போட்ட மாதிரி இருந்தது. ரேஷன் கடையில் குறைந்த எடையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தான். படகில் மறுபடியும் விசில். வீட்டில் மூன்று நாளாகச் சண்டையே இல்லை, மங்கைக்கு அதுவே பெரிய பேஜாராகப் போயிற்று. "யோவ், எனுக்கு நெஞ்சு அடைக்குது," என்றாள். "ஞாயித்துக்கெழம அத்த மன்னிப்பு கேக்க வெச்சுடு. ஒரு வார்த்ததான?"

அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கல். உதட்டை ஒட்டாமல் ம வராது, ப வராது. பொம்மை பேசவைப்பவர்கள் அந்த எழுத்துகளை ஒதுக்கிவிட்டுப் பேசப் பழகுவார்கள், வேறு வழியில்லாதபோது ஏதாவது ஒன்றை இட்டு நிரப்புவார்கள். மங்கையை ஆபீசர் 'நங்கை' என்றுதான் கூப்பிடும், அதில் அவளுக்கு ரகசிய சந்தோஷம். ஆனால் 'மன்னிப்பு' என்ற வார்த்தையில் முதலிலும் உதடு, கடைசியிலும் உதடு. செல்வம் மீதி இருந்த நாளெல்லாம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து முக்கிப் பார்த்தான். 'நன்னித்து' என்றுதான் வந்தது. ஊர்க்கூட்டத்தில் அது செல்லாது.

ஞாயிறு வந்தது. அன்றைக்குப் போல் கூட்டம் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஜோபின்கூட முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோயில் வாசலில் ஆபீசரை நிறுத்தி, பின்னால் செல்வம் மண்டியிட்டான். சனம் பொம்மையைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்தது.

"கேக்கச் சொல்லு," என்றார் ரகுபதி.

செல்வம் பொம்மையிடமிருந்து கையை உருவினான். ஆபீசர் சஃபாரியோடு தொப்பென்று சரிந்தது. அவன் எழுந்து நின்றான்.

"ம... ம... ம..."

"வருது, வருது," என்றாள் கெங்கம்மா. "வுட்டுப் புடி செல்வம், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"ம... ம..." கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்தச் சொல் வரவே இல்லை. வந்தது வேறு. "த... தலைவரே. அ... அத்தச் சொன்னது நா... நான். என் வா... வாயி. கூ... கூடத்த எங்களக் கே... கேக்காம குடுத்த. அ... அதான் கேட்டேன். ம... மறுபடியும் கே... கேக்கறேன். ஒன் ச... சட்டைக்குள்ள யாரு கையி?"

பொம்மையை மன்னிக்கலாம், தள்ளிவைக்கலாம். பெண்டாட்டி உள்ளவனை, நாற்பத்திரண்டு வருடம் ஊர்க்கூட்டத்தில் ஒரு சொல் பேசாதவனை என்ன செய்வது?

ஜோபின் பதறிக்கொண்டு எழுந்தார். "தலைவரே, தலைவரே! புதன்கிழமை வரைக்கும் பொம்மை தள்ளியே இருக்கட்டும். இன்னும் மூணு சீன் பாக்கி. சனம் சிரிச்சுட்டா என் படம் போச்சு!" தலையைப் பலமாக ஆட்டிக் கெஞ்சினார்.

ரகுபதி அவரைப் பார்த்தார். ஜோபினின் தலை ஆடியது. பார்த்துக்கொண்டே இருந்த ரகுபதியின் தலையும், கூடவே, அதே தாளத்தில் ஆடியது.

முதலில் பார்த்தது மங்கை. அடுத்தது கெங்கம்மா. அப்புறம் ஊர். தலை ஆடுவது தெரிந்து ரகுபதி சட்டென்று நிறுத்தினார். நிறுத்தினதும், தன்னை அறியாமல், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கேட்க வேண்டுமா! வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டவர்கள் உண்டு. சாட்சி சொன்ன முப்பது பேரும் சிரித்தார்கள். கெங்கம்மா ஆபீசரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தள்ளிவைப்பாவது ஒன்றாவது என்று முத்தம் கொடுத்தாள். ரகுபதி கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து பார்த்தார். முடியவில்லை. அவருக்கும் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

"அய்ய, போதும்யா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காத்தால கூடத்தத் தொறந்து வுடு. வலக்காரன் உள்ள, கேமராக்காரன் வெய்யில்ல. டைரக்டர் சார், இன்னா பண்றது... இத்தச் சொன்னது நானு."

மீதி மூன்று காட்சியை ஜோபின் எங்கே, எப்படி எடுத்தார் என்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆபீசர் காதுகுத்துகளுக்குப் போய்வருகிறது. ஊர்க்கூட்டத்துக்கு மட்டும் செல்வம் அதை எடுத்துவருவதில்லை. தானே எழுந்து நின்று, தன் வாயாலேயே, ஒவ்வொரு விஷயத்துக்கும் கருத்துச் சொல்கிறான். ஒன்றையும் விடுவதில்லை. முன்பெல்லாம் அரை மணியில் முடிந்த கூட்டத்துக்கு இப்போது ரகுபதி தன் செலவில் இரண்டு தடவை டீ சொல்ல வேண்டியிருக்கிறது.