மரியாள் வீட்டுக் கஞ்சித் தண்ணீர்

கர்த்தருடைய பந்தியில் என்னோடு சேருகிறவர்களே, என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய யுத்தம் முடிந்து ஏழாம் வருஷம். திரித்துவத் திருநாள் கழிந்த மூன்றாம் வாரம், வியாழக்கிழமை, வாந்திபேதியில் என் மனைவி சாரோன் இறந்துபோனாள். அடக்கம் செய்துவிட்டுக் கொட்டுகிற மழையில் வீடு திரும்பினேன். ஏழு வயது மகள் கிருபைக்கும் அந்த நோய் கண்டிருந்தது. என் சாதிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? நானும் சாத்தியிருப்பேன்.

ரங்கூனுக்கு அக்கரையில், த்வாண்டே வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் லுத்தரன் கோயில். சுவீடன் தேசத்திலிருந்து வந்து குடியேறிய பாதிரி ஐயரும் அவர் மனைவியும், அறுப்பு வேலைக்கு வந்த நம்மவர்களைக் கூட்டி மூங்கிலால் எழுப்பியது. மாதம் ஒரு ஞாயிறு நற்கருணை; திராட்சரசத்தை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிப்போம். சனிக்கிழமையே உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். நான் முதலில் பட்டியலைப் பார்ப்பேன். தாழ்ந்த சாதி என்று நான் ஒதுக்கிய யோசேப்பு பெயரோ அவன் மனைவி மரியாள் பெயரோ இருந்தால் என் பெயரைக் கொடுக்க மாட்டேன். அவர்கள் வாய் வைத்த பாத்திரத்தில் குடிப்பதா? கடல் தாண்டி வந்தும் அந்த வீம்பு போகவில்லை. ஐயர் கெஞ்சிப் பார்த்தார். மூன்று வருஷம் பந்தியில் சேராமலே இருந்தேன்.

சாரோனை அடக்கம் செய்த அன்று முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று கதறினேன். எழுந்தபோது வாசலில் மரியாள் நனைந்துகொண்டு நின்றாள். கையில் சிறு பானை.

"ஐயா, எங்க வீட்டுக் கஞ்சித் தண்ணிதான். பாப்பாவுக்குக் குடுக்கலாங்களா?"

பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது. அப்போதும் நான் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். என்ன மனுஷன் நான்!

"நேரமில்லீங்க ஐயா."

"உள்ள வா, தாயி. குடு."

மூன்று நாள் அவள் நகரவில்லை. கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். அழுக்குத் துணிகளை அவளே அலசினாள். ஞாயிறு மதியம் கிருபை பசிக்கிறது என்றாள். செவ்வாயன்று மரியாளுக்குக் கண்டது. புதனன்று போய்விட்டாள். யோசேப்பும் நானும்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

அடுத்த நற்கருணைக்கு யோசேப்பின் பெயருக்குக் கீழே என் பெயரைக் கொடுத்தேன். அவன் குடித்த பாத்திரத்தில் குடித்தேன். மரியாள் குடித்த பாத்திரத்தில் குடிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் மகள் பிழைத்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். துன்பத்தில் இருக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் கட்டாயம் ஆள் அனுப்புவார். வந்தவரை மழையில் நிறுத்திவைக்காதீர்கள்.