கல்யாணத்துக்கு முன் ஓர் அம்மை ஊசி

தொண்ணூறுகளின் பின்பாதியில், முப்பது வயதாகியும் எனக்குச் சின்னம்மை வந்ததில்லை. அலுவலகத்தில் இருவருக்கு வந்ததும், இரண்டு மாதத்தில் இருந்த என் கல்யாணம் கெட்டுவிடக்கூடாதென்று டத்தோ கிராமாட் கிளினிக்கில் தடுப்பூசி போட்டுக்கொண்டேன்.

"உயிருள்ள கிருமிதான் தம்பி, பலத்தைக் குறைச்சிருக்கு. ரெண்டு கொப்புளம் வந்தா பயப்படாதீங்க லா. இன்னொரு ஊசியும் இருக்கு," என்றார் டாக்டர்.

மூன்றாவது வாரம் வயிற்றில் மூன்று கொப்புளங்கள். நான் பயப்படவில்லை, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். என் முட்டாள்தனங்களில் இது முதல் ஐந்துக்குள் வரும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். அம்மன் வந்திருக்கும் வீட்டில் நல்ல காரியம் பேசமாட்டார்கள்.

அன்று மாலையே கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேச நிபோங் திபாலிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். வேப்பிலையைக் கண்டு கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"அம்மை வரக்கூடாதுன்னு ஊசி போட்டேன் மாமா. அதுல வந்த கொப்புளம்," என்று சட்டையைத் தூக்கினேன்.

"வீட்ல இருந்த மனுசன் கிளினிக் போயி வரவழைச்சீங்களா மாப்பிள்ளே?" என்றவர் காரைத் திருப்பினார்.

கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. பெண் மட்டும் தொலைபேசியில் கேட்டாள்: "அந்த ஊசி எதைத் தடுக்குதுங்க, அம்மையவா, கல்யாணத்தையா?"

இரண்டாவது ஊசிக்குப் பிறகு நான் யாருக்கும் வயிற்றைக் காட்டவில்லை.