பங்கருக்குள் அடை வைத்த கோழி

குணலட்சுமி அக்காவோடு கோபிக்காமல் ஒரு மாதம் இருந்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. நான் அடுத்த வளவில் பதினாலு வருசம் இருந்தவள். கோபித்ததையும் திரும்பக் கதைத்ததையும் எண்ணப் போனால் விரல் காணாது. ஆனாலும் விடியக்காலையில் அவவின் குரல் வேலிக்கு அப்பால் கேட்காவிட்டால் எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

அந்தக் குரல் பெரும்பாலும் கோழிகளுக்குத்தான். கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, பேடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, பின்பக்கம் விரலால் தடவி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பா. இருந்தால் இட்டு முடியும்வரை கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே விடுவா. "உன்னை விட்டா மீனாம்பிகை வீட்டிலை போய் இட்டுப்போட்டு வருவாய்" என்று பேட்டை ஏசுவது எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான். ஒருமுறை ஒரு பேடு எங்கள் விறகுக்குள் இட்டது உண்மை. அந்த முட்டையை நாங்கள் பொரித்துத் தின்றதும் உண்மை.

பிறகு கூட்டைக் கூட்டிச் சாம்பல் தூவுவா. எருவை அள்ளி மிளகாய்க் கன்றுகளுக்குப் போடுவா. தவிட்டையும் தேங்காய்ப்பூச் சக்கையையும் குழைத்து வைப்பா. குஞ்சுகள் இருக்கிற காலத்தில் கறையான் பிடிக்கிற வேலையும் உண்டு. ஓட்டைப் பானைக்குள் வைக்கோலும் சாணியும் அடைத்து ஈரமண்ணில் கவிழ்த்து வைத்தால், அடுத்தநாள் உள்ளே கறையான் மொய்த்துக் கிடக்கும். அதைத் தட்டிவிடும்போது குஞ்சுகள் விழுந்தடித்து ஓடி வருவதைப் பார்க்கவென்றே நான் வேலிப் பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் போவேன். பொட்டு என்றால் கிடுகு வேலியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு விட்டிருக்கும் வழி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அதுதான் றோட்டு.

அக்காவின் புருசன் மார்க்கண்டண்ணை வெங்காயத் தோட்டக்காரர். ஒரே மகள் பராசக்தி கலியாணம் முடித்துச் சாவகச்சேரிக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேரும் பதினைந்து கோழியும்தான்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு சித்திரையில் ஒரு சீக்கு வந்தது. காலையில் செட்டை தொங்க நின்ற கோழி பின்னேரம் காலை நீட்டிவிடும். அக்கா மஞ்சள் கரைத்துப் பருக்கினா, வேப்பிலை புகைத்தா, வைரவருக்கு வடைமாலை நேர்ந்தா. ஒன்பது நாளில் பதினாலு போய்விட்டன. வாழையடியில் குழி வெட்டி வெட்டி அண்ணைக்குக் கை கொப்பளித்தது. மிஞ்சியது கழுத்தில் மயிரில்லாத ஒரு பேடு மட்டும். அந்த மாதம் முழுக்க அக்கா ஒருவரையும் ஏசவில்லை. எங்களுக்கே பயமாகப் போய்விட்டது.

ஆனி மாதம் அந்தப் பேடு அடைக்குக் குறுகத் தொடங்கியது. அக்காவுக்கு உயிர் வந்தது. சேவல் நிற்கிற வீடுகளைத் தேடி அச்சுவேலிவரைக்கும் நடந்து பதினொரு முட்டை சேர்த்துக்கொண்டு வந்தா. அடைக்கு ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும். பனையோலைக் கடகத்துக்குள் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கினா. இடி முழக்கத்தில் முட்டை கலங்கிக் கூழாகாமல் இருக்க, எல்லாரும் வைக்கிறதுபோல ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் செத்தல் மிளகாயும் ஓரத்தில் செருகினா. செருகிவிட்டு யோசித்தா.

"மீனாம்பிகை, ஆணி இடிக்குச் சரி. பொம்பர் போடுற குண்டுக்குக் காணுமே?"

சண்டை நடந்த அந்த நாட்களில் பொம்பர் விமானம் வராத நாளைத்தான் நாங்கள் நினைவு வைத்திருந்தோம். நான் விளையாட்டாக, "கோழியையும் பங்கருக்குள்ளை வையுங்கோவன்" என்றேன். என் வாயை அடுப்பில்தான் வைக்க வேண்டும். அன்று மத்தியானமே கடகம் அவர்களின் பங்கருக்குள் இறங்கிவிட்டது.

நிலத்தை வெட்டி, மேலே பனங்குற்றி பரவி, மண்மூட்டை அடுக்கிய சின்னப் பங்கர். நாலு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். கோழிக்கு நல்ல இருட்டு, நல்ல குளிர், கீரிப்பிள்ளைப் பயமில்லை. ஆனால் ஐந்தாம் நாளே கோழிப்பேன் பரவிவிட்டது. பொம்பர் வந்து உள்ளே இறங்கிய மார்க்கண்டண்ணை கட்டியிருந்த சாரத்தை உதறிக்கொண்டு வெளியே வந்தார். உடம்பு முழுக்கத் தடிப்பு.

"உந்தக் கோழியை வெளியிலை எடும்."

"அடையைக் கலைச்சா பேடு திரும்ப இருக்காது. இன்னும் பதினாறு நாள். பொறுங்கோ."

"உமக்கு விசரே? கோழிக்குப் பங்கரோ, மனிசருக்குப் பங்கரோ?"

"உங்களுக்குக் கடிதான். அதுக்கு உயிர்."

அண்ணைக்குக் கோபம் வருசத்தில் ஒருமுறைதான் வரும். வந்தால் லேசில் போகாது. "கோழி வெளியிலை வருமட்டும் நான் உதுக்குள்ளை இறங்கன். பலாவுக்குக் கீழை இருப்பன். நான் செத்தா உம்மடை கோழி கொள்ளி வைக்கட்டும்" என்றார்.

சொன்னபடி அடுத்தமுறை பலாவுக்குக் கீழேதான் இருந்தார். அதற்கடுத்தமுறை பொம்பரின் இரைச்சல் கேட்டதும் பொட்டுக்குள்ளால் புகுந்து எங்கள் பங்கருக்குள் வந்து விழுந்தார். "குணத்துக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார். நானும் என்ரை மனிசன் முத்துக்குமாருவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரைச்சல் ஓய்ந்ததும் அண்ணை ஓடிப்போய்ப் பலாவுக்குக் கீழே, அசையாத மனிசன்போல இருந்துகொள்வார். அக்கா ஏறி வந்து முதலில் பலாவடியைத்தான் பார்ப்பா. பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவா. இதே கூத்துப் பத்து நாளுக்கு மேல் நடந்தது. அக்கா மெலிந்துகொண்டு வந்தா. அது எனக்குக் கண்ணில் பட்டதுதான். இரண்டு பேரில் யார் முதலில் இறங்கி வருவது என்று பார்க்கும் ஆசையில் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் என்னை நானே குட்டவேண்டும் போலிருக்கும்.

பத்தொன்பதாம் நாள் காலை. கோழிக்குக் கொஞ்சம் குறுணல் அரிசி கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணி இறைக்கிற மெசின் படுத்து மாதக்கணக்கு. அண்ணை தோட்டத்தின் கடைசித் தொங்கலில் துலாவால் இறைத்துக்கொண்டு நின்றார். அப்போது இரைச்சல் கேட்டது. அக்கா என் பிடரியில் கைவைத்துப் பங்கருக்குள் தள்ளிவிட்டுத் தானும் இறங்கினா.

பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றியது. வழக்கமாக அப்படியே பலாலி விமானத்தளப் பக்கம் போய்விடும். அன்று திரும்பி வந்தது, அதுவும் தாழப் பதிந்து. துலாவடியில் இருந்து எங்கள் பங்கருக்கு ஓடிவர நல்ல தூரம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா கடகத்தைத் தூக்கினா. பேடு கையில் கொத்து கொத்தென்று கொத்தியது. அப்படியே படியேறி, வெட்டவெளியில் கடகத்தை வைத்துவிட்டுப் பலாவடிக்கு ஓடினா.

"இஞ்சாருங்கோ, கோழியை வெளியிலை வைச்சிட்டன். வாங்கோ. உள்ளுக்கை வாங்கோ."

பலாவடியில் ஆளில்லை. அக்கா அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினா. "அக்கா, அவர் எங்கடை பங்கருக்கை" என்று நான் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. ஏறி ஓடிப்போய் அவவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் படியில் உருண்டு விழவும் குண்டு விழவும் சரியாக இருந்தது. மேலே இருந்து மண் கொட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு இரைச்சல் தேய்ந்து போனது.

"பலாவுக்குக் கீழை இல்லை மீனாம்பிகை" என்றா அக்கா, மண் அப்பின முகத்தோடு.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். "பயப்படாதேங்கோ, எங்கடை பங்கருக்கைதான் இருப்பார்."

அக்கா என்னைப் பார்த்தா. "இண்டைக்கு அங்கை வந்தவரெண்டு உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அதுவரை பெரிய பகிடியாக இருந்தது அந்த ஒரு கேள்வியோடு முடிந்தது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஏறினோம். கிழக்கே பனங்கூடலுக்குள் இருந்து புகை எழும்பியது. அண்ணை தண்ணி இறைத்த தோட்டமும் அந்தப் பக்கம்தான்.

அப்போது வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு தலை வந்தது. பிறகு முழங்கால் முழுக்கச் சேறோடு மார்க்கண்டண்ணை வந்தார். துலாவடியில் இருந்து ஓடிய ஓட்டத்தில் சால்வையும் இல்லை, ஒரு செருப்பும் இல்லை.

அக்கா நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டா. நானும் பக்கத்தில் குந்திவிட்டேன். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் அழுததில்லை. அக்கா அழுது முடித்து ஏசத் தொடங்கினா. அண்ணையை, என்னை, முத்துக்குமாருவை, அந்தப் பொட்டை விட்டு வேலி அடைத்தவனைக்கூட விடவில்லை. சித்திரையில் இருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். "கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமே" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

பிறகுதான் வெட்டவெளியில் இருந்த கடகம் அவர் கண்ணில் பட்டது. மேலெல்லாம் செம்மண் தூசி. பேடு செட்டையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு அப்படியே இருந்தது. அண்ணை அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கொத்துப்பட்ட அவவின் கையைப் பார்த்தார். கடகத்தை இரண்டு கையாலும் தூக்கித் தானே பங்கருக்குள் கொண்டுபோய் வைத்தார்.

பனங்கூடலில் ஏழெட்டு மரம் முறிந்ததைத் தவிர ஆளுக்கோ மாட்டுக்கோ சேதமில்லை என்று பிறகு அறிந்தோம். அன்று பின்னேரமும் பொம்பர் வந்தது. எங்கள் பங்கரில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். அடுத்தநாளும் அப்படித்தான்.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. மற்ற இரண்டும் கூழ். என் கண் பட்டுத்தான் என்று அக்கா ஊரெல்லாம் சொன்னா. குஞ்சு பொரித்த செய்தி சொல்ல வந்த மார்க்கண்டண்ணையின் கழுத்தும் முதுகும் தடித்துச் சிவந்திருந்தன. நின்ற நிலையில் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணை, எங்கடை பங்கருக்கை பேனில்லையே. வந்திருக்கலாமே?" என்று முத்துக்குமாரு கேட்டார்.

"உங்கடையிலை பேனில்லைத்தான்" என்றார் அண்ணை. "மனிசி அங்கையெல்லோ இருக்கிறா."